வால்வுமேனை எந்தக் கடையில் இறக்குவது?

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் பெங்களூரு விவேக் நகரில் இருக்கிறோம். நானும் தம்பியும் இரண்டரை வருடமாக ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்துகொண்டிருக்கிறோம். தெருக் குழாய்க்குத் தண்ணீர் திறந்துவிடும் வால்வுமேன்தான் ஹீரோ. ஒரு தெரு, எட்டு வீடு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் காவிரித் தண்ணீர். யாருக்கு எப்போது திறந்துவிடுவது என்பதுதான் புதிர். விலை பத்து டாலர், இந்தியாவில் 480 ரூபாய் என்று நினைத்திருக்கிறோம். கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் கமிஷனாக நூற்றுக்கு முப்பது எடுத்துக்கொள்கிறார்கள். எபிக் என்ற இன்னொரு கடையில் வருடத்துக்கு முதல் பத்து லட்சம் டாலர் வரை ஒன்றுமே எடுப்பதில்லையாம். தம்பி எபிக் மட்டும் போதும் என்கிறான். எனக்கோ இரண்டிலும் போட்டுவிட்டு, எபிக்கிலும் எங்கள் சொந்த சைட்டிலும் விலையைக் குறைத்து வைக்கலாம் என்று எண்ணம். அல்சூரில் அரிசிக் கடை வைத்திருக்கும் அப்பா, “முப்பது பர்சென்ட் எவனாவது கொடுப்பானா?” என்று தினமும் கேட்கிறார். கேமையே கவர்மென்ட் தடை பண்ணிட்டாங்களே என்ற பயமும் அவருக்கு இருக்கிறது. என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, பெங்களூரு

பதில்:

அப்பாவின் பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம், அது சுலபம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைத்தான் தடை செய்கிறது. உங்கள் வால்வுமேன் யாரையும் பந்தயம் கட்டச் சொல்லவில்லை. ஒரு தடவை காசு கொடுத்து வாங்கி வீட்டில் உட்கார்ந்து ஆடும் கேமுக்கு அந்தத் தடையோடு சம்பந்தமில்லை. இதை அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து ஏதாவது வாட்ஸப் செய்தியைக் காட்டி மறுபடியும் கேட்பார், மறுபடியும் சொல்லுங்கள்.

அவருடைய இன்னொரு கேள்விதான் கஷ்டமானது, ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. அரிசி மூட்டையில் கிலோவுக்கு ரெண்டு ரூபாய் நிற்குமா நிற்காதா என்று வாழ்நாள் முழுக்கக் கணக்குப் பார்த்தவருக்கு முப்பது சதவீதம் பகல் கொள்ளையாகத்தான் தெரியும். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கும் அது அதிகம் என்றே படுகிறது. ஸ்டீமை நடத்தும் கம்பெனியில் 2021இல் மொத்தம் 336 பேர்தான் வேலை பார்த்தார்கள், அதில் ஸ்டீம் பக்கம் 79 பேர் என்று அமெரிக்க வழக்கு ஒன்றில் வெளிவந்த ஆவணங்கள் சொல்கின்றன. உலகம் பூராவும் விற்கிற கடைக்கு 79 பேர்! அதற்கு மேல் செலவுக் கணக்கு சொல்லி முப்பதை நியாயப்படுத்த என்னால் முடியாது.

ஆனாலும் உங்கள் கேமை அங்கேதான் முதலில் இறக்கச் சொல்லப் போகிறேன். ஏன் என்று கேளுங்கள்.

அந்தக் கம்பெனியின் பெயர் வால்வ். (உங்கள் ஹீரோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று கேம் பக்கத்தில் விளக்கம் எழுதிவிடாதீர்கள். ஜனங்களே பார்த்துச் சிரித்துக்கொள்ளட்டும்.) 2003 செப்டம்பரில் ஸ்டீம் வந்தபோது அது கடையே இல்லை, வால்வ் தன் சொந்த கேம்களுக்கு அப்டேட் அனுப்ப வைத்துக்கொண்ட ஏற்பாடு. 2004இல் அவர்களுடைய ஹாஃப்-லைஃப் 2 கேமை ஆட வேண்டுமென்றால் ஸ்டீமைப் போட்டே ஆக வேண்டும் என்றார்கள். எல்லாரும் திட்டிக்கொண்டே போட்டுக்கொண்டார்கள். அடுத்த வருடம் மற்றவர்களின் கேம்களையும் விற்கத் தொடங்கினார்கள். அப்போது முப்பது சதவீதம் என்பது கேம் செய்பவருக்கு லாட்டரி மாதிரி. அட்டைப் பெட்டியில் டிஸ்க் போட்டு விற்ற காலத்தில் கடைக்காரர், விநியோகஸ்தர், பதிப்பாளர் எல்லாரும் எடுத்தது போக மிச்சம்தான் செய்தவர் கைக்கு வரும். நம் ஊரில் அந்த மிச்சமும் கிடையாது. எஸ்.பி. ரோட்டில் அப்போது ஐம்பது ரூபாய்க்கு எந்த கேமின் திருட்டு டிஸ்க் வேண்டுமானாலும் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். நானும் வாங்கியிருக்கிறேன், இப்போது இந்தத் தொழிலில் இருந்துகொண்டு மறைத்து என்ன பயன்?

எபிக் 2018 டிசம்பரில் கடை திறந்தது. பன்னிரண்டு சதவீதம்தான் எடுப்போம் என்றார்கள். அவர்களுடைய ஃபோர்ட்நைட் கேமில் குவிந்த பணம் கையில் இருந்ததால் அந்த தைரியம். அது வரப்போகிறது என்ற சமயத்தில், சில நாள் முன்னதாக, வால்வும் தன் விகிதத்தை மாற்றியது. ஒரு கேம் ஒரு கோடி டாலருக்கு மேல் விற்றால் அதற்கு மேற்பட்ட தொகைக்கு 25, ஐந்து கோடிக்கு மேல் 20. உங்களையும் என்னையும் மாதிரி ஆட்களுக்கு அதே முப்பது. கூடையோடு எடுப்பவருக்கு விலையைக் குறைத்துவிட்டு, கால் கிலோ வாங்குபவரிடம் பழைய விலையையே வாங்குகிற கதை. அப்புறம் 2021இல் மைக்ரோசாஃப்டும் பிசி கேம்களுக்குப் பன்னிரண்டுக்கு இறங்கியது. எபிக் 2025 ஜூனிலிருந்து இன்னும் கீழே போய், நீங்கள் சொல்வது போல முதல் பத்து லட்சம் டாலருக்குப் பூஜ்யம் என்றது. தம்பி சொன்ன விவரம் சரிதான்.

இப்போது தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பன்னிரண்டு, பூஜ்யம் என்று இத்தனை இறங்கினார்களே, இதில் வாங்குகிறவனுக்கு என்ன கிடைத்தது? அறுபது டாலர் கேம் பெரும்பாலும் அங்கேயும் அறுபது, இங்கேயும் அறுபது. குறைந்த கமிஷன் விற்பவருக்குக் காட்டிய ஆசை, வாங்குகிறவனின் பர்ஸில் அதனால் பெரிதாக ஒன்றும் மிச்சமாகவில்லை. அவனுடைய பத்துப் பதினைந்து வருடத்து கேம்கள், சேவ் பண்ணி வைத்த ஆட்டங்கள், நண்பர்கள் பட்டியல் எல்லாம் ஸ்டீமில் கிடக்கின்றன. அவன் ஏன் தெரு மாறி வருவான்? போதாததற்கு எபிக் கடையில் மூன்று வருடம் கூடையே இல்லை. நிஜமாகத்தான் சொல்கிறேன். நாலு கேம் வாங்க வேண்டுமென்றால் நாலு தடவை தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டும். ஷாப்பிங் கார்ட் வந்தது 2021 டிசம்பரில்தான். உங்கள் அப்பா முதல் நாளே தராசும் பையும் இல்லாமல் கடை திறந்திருப்பாரா?

வாங்குகிறவனை இழுக்க அவர்கள் வேறு வழி பிடித்தார்கள், அதாவது இலவசம். வாராவாரம் ஒரு கேம் சும்மா. பின்னால் ஆப்பிளோடு நடந்த வழக்கில் அந்தக் கணக்கு வெளியே வந்தது. முதல் ஒன்பது மாதத்தில் இலவச கேம்களுக்காக மட்டும் சுமார் 1.16 கோடி டாலர் கொடுத்திருக்கிறார்கள், அதனால் சேர்ந்த புதிய கணக்குகள் ஐம்பது லட்சம் சொச்சம். ஆள் பிடிக்க அது மலிவுதான். ஆனால் என் அனுபவத்தில், அன்னதான வரிசையில் வந்து நின்றவர் மறுநாள் அதே இடத்தில் காசு கொடுத்துச் சாப்பிட வருவது அபூர்வம். வியாழக்கிழமை இலவச கேமை எடுத்துக்கொள்ள மட்டும் எபிக்கைத் திறந்து, உடனே மூடிவிடுகிற பையன்கள் என் வீட்டிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

பெரிய கேம் கம்பெனிகளே தாக்குப் பிடிக்கவில்லை என்பதையும் பாருங்கள். இ.ஏ. 2011இல் தன் கடையை வைத்துக்கொண்டு புது கேம்களை ஸ்டீமுக்குக் கொடுக்காமல் நிறுத்தியது, 2019இல் திரும்பி வந்தது. யூபிசாஃப்ட் 2019இல் எபிக் பக்கம் போனது, 2022 கடைசியில் ஸ்டீமுக்கு வந்தது. பெதெஸ்டா 2018இல் ஃபால்அவுட் 76 என்ற கேமைத் தன் சொந்த லாஞ்சரில் (கேமை வாங்கவும் திறக்கவும் வைத்த ஆப்) மட்டும் விற்றுப் பார்த்தது, 2022இல் அந்த லாஞ்சரையே இழுத்து மூடி எல்லாரையும் ஸ்டீமுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டது. இவர்களிடம் உலகம் பூராவும் தெரிந்த பெயர் இருந்தது, விளம்பரத்துக்குக் கோடிகள் இருந்தன. விவேக் நகரில் அக்காவும் தம்பியும் இருக்கிறீர்கள்.

சரி, இப்போது காகிதமும் பேனாவும் எடுங்கள்.

இந்தியாவில் ஒரு பிரதி 480 ரூபாய்க்குப் போகிறது என்று வைப்போம். அதில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உள்ளடக்கம், அதைக் கழித்தால் ஏறக்குறைய 407 ரூபாய். அதில் முப்பது சதவீதம் கடைக்குப் போனால் உங்களுக்கு 285. பூஜ்யம் எடுக்கும் கடையில் முழு 407. ஒரு பிரதிக்கு 122 ரூபாய் வித்தியாசம். பெரிய வித்தியாசம்தான், தம்பிக்குக் கோபம் வருவதில் தப்பே இல்லை. ஆனால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ஸ்டீமில் நூறு பிரதி விற்றால் கிடைப்பதை எபிக்கில் எழுபது பிரதி விற்றால் எடுத்துவிடலாம். பழைய பன்னிரண்டு சதவீதமாக இருந்திருந்தால் எண்பது பிரதி. ஆகவே நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான். பெயர் தெரியாத இரண்டு பேர் செய்த புதிர் கேம், ஸ்டீமில் நூறு போகிற நேரத்தில் எபிக்கில் எழுபது போகுமா? நான் பதினான்கு வருடமாக இந்த ஊரில் இருந்துகொண்டு மற்றவர்கள் செய்த கேம்களைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வேலை பார்க்கிறேன். இரண்டு கடையிலும் போட்ட சின்ன கேம்களில் எழுபதை விடுங்கள், இருபதைத் தொட்டதைக்கூட நான் பார்த்ததில்லை.

காரணம் விஷ்லிஸ்ட், அதாவது பின்னால் வாங்கலாம் என்று ஆட்கள் குறித்துவைக்கும் பட்டியல். ஸ்டீமில் உங்கள் கேமுக்கு “விரைவில்” என்று ஒரு பக்கம் திறக்கலாம். ஜெர்மனியில் ஒருவர் ரயில் தண்டவாளம் அமைக்கிற புதிர் கேமை ஆடி முடிக்கிறார். அவருக்குக் கீழே “இதையும் பாருங்கள்” வரிசையில் உங்கள் எட்டு வீடும் குழாயும் தெரிகின்றன. எந்த வகை கேம் என்று சொல்லும் டேக்கை நீங்கள் சரியாகப் போட்டிருந்தால்தான் தெரியும், அதில் சோம்பேறித்தனம் வேண்டாம். அவர் உள்ளே வருகிறார், தெருவைப் பார்க்கிறார், குடங்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கிறார், விஷ்லிஸ்டில் போட்டுக்கொள்கிறார். எட்டு மாதம் கழித்து நீங்கள் வெளியிடும் நாளில் அவருக்கு ஸ்டீமே மெயில் அனுப்புகிறது. பின்னால் இருபது சதவீதத்துக்குக் குறையாமல் தள்ளுபடி போடும்போது மறுபடியும் அனுப்புகிறது. அந்த மெயிலுக்கு நீங்கள் ஒரு பைசா கொடுக்கவில்லை. அப்பா கேட்ட முப்பதில் பாதிக்கு மேல் இந்த மெயிலுக்குத்தான் போகிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். காவேரிபாக்கத்து அரிசியைச் சந்தைக்குள் விற்பதற்கும், நம் வீட்டு வாசலில் மூட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைக்கு அட்வான்ஸும் வாடகையும் கொடுத்துத்தானே சந்தையில் உட்கார்ந்திருக்கிறார்.

2024இல் மட்டும் ஸ்டீமில் 18,000க்கு மேல் புது கேம்கள் வந்தன. ஒரு நாளைக்கு ஐம்பது. அந்தக் கூட்டத்தில் உங்களை யார் தேடி வருவார் என்று நீங்கள் கேட்கலாம். யாரும் வர மாட்டார், அதனால்தான் பக்கத்தை இன்றைக்கே திறக்கச் சொல்கிறேன். கேம் முடிந்த பிறகு திறப்போம் என்று நிறையப் பேர் இருந்துவிடுகிறார்கள். கட்டணம் நூறு டாலர். கேம் ஆயிரம் டாலர் சம்பாதித்துவிட்டால் அது திரும்பக் கிடைத்துவிடும். பணம் கட்டி முப்பது நாள் கழித்துத்தான் முதல் கேமை வெளியிட முடியும், “விரைவில்” பக்கம் குறைந்தது இரண்டு வாரமாவது இருக்க வேண்டும். இவை அவர்கள் விதித்த குறைந்தபட்சம்தான். உங்களுக்கு நான் சொல்வது ஆறு மாதம். வருடத்தில் மூன்று தடவை நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்று டெமோக்களுக்காக ஒரு விழா வைக்கிறார்கள். ஒரு கேமுக்கு ஒரே ஒரு தடவைதான் அதில் இடம். டெமோ அரைகுறையாக இருக்கும்போது அவசரப்பட்டு அந்தச் சீட்டைக் கிழித்துவிடாதீர்கள். வெளியீட்டுக்கு முன்னால் வரும் கடைசி விழாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உங்கள் யோசனை, அதாவது மற்ற இடத்தில் விலையைக் குறைப்பது. இது கேட்க நியாயமாக இருக்கிறது. கமிஷன் குறைவான இடத்தில் வாங்குகிறவருக்கும் ஒரு பங்கு கொடுப்போம் என்கிறீர்கள், உண்மையான போட்டி என்றால் அப்படித்தான் நடக்க வேண்டும். ஆனால் இங்கே ஒரு முள் இருக்கிறது. ஸ்டீம் உங்களுக்கு இலவசமாக கீ கொடுக்கும், அதாவது அடித்தால் ஸ்டீமில் கேம் கிடைத்துவிடும் குறியீடு. அதை நீங்கள் உங்கள் சைட்டில் விற்றுக்கொள்ளலாம், அதற்குக் கமிஷன் இல்லை. இது பலருக்குத் தெரியாத சலுகை. ஆனால் அந்தக் கீயை ஸ்டீமில் வாங்குகிறவருக்குக் கிடைப்பதைவிட நல்ல விலையில் வெளியே விற்கக் கூடாது என்று எழுத்திலேயே விதி வைத்திருக்கிறார்கள். கீ இல்லாமல் வேறு கடையில் தனியாக விற்கும் பிரதிக்கும் இதே விலையைத்தான் வால்வ் எதிர்பார்க்கிறது, மீறினால் நெருக்குகிறது என்பதுதான் வுல்ஃபயர் என்ற சிறிய கேம் கம்பெனி 2021இல் போட்ட வழக்கின் சாரம். வால்வ் அதை மறுக்கிறது. 2024 நவம்பரில் நீதிமன்றம் அந்த வழக்கை ஸ்டீமில் விற்ற எல்லோர் சார்பிலுமான கூட்டு வழக்காக நடத்த அனுமதித்தது. முன்னே சொன்னேனே 336 பேர் கணக்கு, அது இந்த வழக்கிலிருந்து வந்ததுதான். எனக்கு அந்தச் சின்ன கம்பெனி மேல் மரியாதை உண்டு. ஆனால் யானைகள் சண்டை போடும் வரப்பில் நீங்கள் போய் நாற்று நட வேண்டாம். முதல் வருடம் எல்லா இடத்திலும் ஒரே விலை வையுங்கள். தள்ளுபடி போட்டால் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் போடுங்கள்.

கீ என்றதும் என் முட்டாள்தனம் ஒன்று நினைவுக்கு வருகிறது, சொல்லிவிடுகிறேன். சில வருடம் முன்னால் ஒரு சின்ன டீமின் கேமை வெளியிட்டோம். முதல் நாளே மெயில் மழை. “எங்களுக்கு ஐம்பதாயிரம் ஃபாலோயர்கள், நாலு கீ அனுப்புங்கள், விமர்சனம் எழுதுகிறோம்.” எனக்கு ஒரே சந்தோஷம். கோரமங்கலா ஆபீஸில் ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து, எக்செல் ஷீட்டில் ஒவ்வொரு வரியாக மஞ்சள் பூசிக்கொண்டே முந்நூறு கீ அனுப்பினேன். இரண்டே வாரத்தில் அவற்றில் பாதி ஏதோ ஒரு கீ விற்கும் சைட்டில் கால்வாசி விலைக்குத் தொங்கின. அதைவிடக் கொடுமை, உண்மையாகவே ஆடி நாலு வரி எழுதிய நல்லவர்களின் விமர்சனமும் கணக்கில் ஏறவில்லை. ஏனென்றால் 2016லிருந்தே ஸ்டீம், தன் கடையில் காசு கொடுத்து வாங்கியவரின் விமர்சனத்தை மட்டும்தான் மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்கிறது. பத்து விமர்சனம் சேர்ந்தால்தான் “பெரும்பாலும் நல்லது” மாதிரி ஒரு வரி பக்கத்தில் வரும். எங்களுக்கு அது வர ஐந்து வாரம் ஆனது. அந்த டீமின் பையன் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. ஆகவே அத்தை மகன், காலேஜ் நண்பர்கள் எல்லாருக்கும் கீ வாரி வழங்காதீர்கள். வாங்கச் சொல்லுங்கள். 480 ரூபாய்தானே, எம்.ஜி. ரோட்டில் இரண்டு காபியும் ஒரு கேக்கும் அதற்கு மேல் ஆகிறது.

அப்படியானால் எபிக் வேண்டவே வேண்டாமா என்றால், வேண்டும், கொஞ்சம் பொறுத்து. நீங்கள் இரண்டே பேர். ஒவ்வொரு கடைக்கும் தனியாகத் தயாரித்த கேம் பிரதி, தனிப் பக்கம், வயது வரம்புச் சான்று, ஏதாவது உடைந்தால் தனி அப்டேட். முதல் மாதம் தினமும் ஒரு பிழை திருத்துவீர்கள், அதை இரண்டு இடத்தில் செய்தால் தூக்கம் போகும். வெளியிட்டு நாலைந்து மாதம் ஆகி அலை அடங்கியதும் எபிக்கில் ஏற்றுங்கள். அங்கேயும் நூறு டாலர்தான். வருகிற நாற்பது ஐம்பது பிரதிகளின் காசு முழுதாக உங்களுக்கு. யாராவது எபிக்கிலிருந்து, ஒரு வாரம் இலவசமாகக் கொடுக்கிறோம், இவ்வளவு தருகிறோம் என்று மெயில் அனுப்பினால், அது இரண்டாவது வருடமாக இருந்தால் யோசிக்காமல் கை நீட்டுங்கள். விற்க வேண்டியது அதற்குள் விற்றிருக்கும்.

ஒரே கடையில் மட்டும் விற்கச் சொல்லும் ஒப்பந்தம் என்றால் மட்டும் ஜாக்கிரதை. எங்களிடம் மட்டும் விற்றால் முதல் ஆறு மாத வருமானம் முழுவதும் உங்களுக்கே என்று 2023இல் எபிக் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அன்றைக்கு அது வேறு விஷயம். இன்றைக்குப் பத்து லட்சம் டாலர் வரை எப்படியும் முழுதும் உங்களுக்கே எனும்போது, அதற்காக ஸ்டீமை ஆறு மாதம் விட்டுக்கொடுப்பதில் உங்கள் அளவு கேமுக்கு லாபமே இல்லை. முன்பணம் கொடுக்கிறார்களா, எழுத்தில் உத்தரவாதம் இருக்கிறதா, அந்தத் தொகை நீங்கள் இருவரும் அடுத்த ஒன்றரை வருடம் வாடகை கட்டிச் சாப்பிடப் போதுமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் எனக்கு ஒரு மெயில் போடுங்கள், உட்கார்ந்து பேசலாம். இல்லையென்றால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் மாதிரி சந்தா ஆட்கள் வந்தால் அது வேறு பேச்சு, அவர்கள் ஸ்டீமில் விற்கக் கூடாது என்று சொல்வதில்லை. தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலறையை வைத்து டொராண்டோவில் செய்த ‘வெண்பா’ என்ற கேம் 2023இல் முதல் நாளே கேம் பாஸிலும் இருந்தது, ஸ்டீமிலும் விற்றது. அடுத்த வருடம் பிரிட்டனின் பாஃப்டா விருதும் வாங்கியது. இட்லிப் பானையே அவ்வளவு தூரம் போயிருக்கிறது, அதனால் தண்ணீர்க் குடம் வெளிநாட்டுக்காரனுக்குப் புரியுமா என்ற கவலையை விடுங்கள்.

கடிதத்தில் நீங்கள் கேட்காத இரண்டு கடைகளைப் பற்றியும் இரண்டு வரி. இட்ச்.ஐஓவில் கமிஷன் எவ்வளவு என்று நீங்களே முடிவு செய்யலாம், பூஜ்யம்கூட வைக்கலாம், ஒன்றும் தொடாமல் விட்டால் பத்து சதவீதம். விற்பனைக்கு அதை நம்ப முடியாது, ஆனால் இப்போதே டெமோவைப் போட்டு ஆடுகிறவர்கள் எந்த இடத்தில் திணறுகிறார்கள் என்று பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஜி.ஓ.ஜி. நகலெடுக்கத் தடை செய்யும் பூட்டுப் போடாத பிரதிகளை மட்டும் விற்கும் போலந்துக் கடை. அவர்களே பார்த்துத் தேர்ந்தெடுத்துத்தான் சேர்ப்பார்கள். கேமுக்கு நல்ல பெயர் வந்தபின் எழுதிப் பாருங்கள்.

இனி வரி. இதில்தான் நம் ஆட்கள் தெரியாமலே பணத்தை விடுகிறார்கள். ஸ்டீமில் கணக்குத் திறக்கும்போது டபிள்யூ-8 என்ற அமெரிக்க வரிப் படிவம் வரும். பதினோரு மணி ராத்திரியில் “அடுத்து, அடுத்து” என்று தட்டிக்கொண்டே போனால், அமெரிக்காவில் விற்கும் பிரதிகளின் உங்கள் பங்கில் முப்பது சதவீதம் வரி பிடித்துவிடுவார்கள். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருக்கிறது. பான் எண்ணைப் போட்டு அந்தச் சலுகையைக் கேட்டால் பதினைந்து ஆகிவிடும். பிடித்த அந்தப் பதினைந்தையும் இங்கே கட்டும் வருமான வரியில் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. வெளிநாட்டுப் பணம் வரும் கணக்கைத் தெரிந்த ஒரு ஆடிட்டரைப் பாருங்கள், அப்பாவின் கடைக் கணக்கைப் பார்க்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இது அவருக்குப் புதிதாக இருக்கலாம். பணம் டாலரில் வங்கிக்கு வரும். வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரும் ஸ்டீமில் கொடுக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருந்ததால் இரண்டு மாதம் பணம் நின்றுபோன தமிழர் ஒருவரை எனக்குத் தெரியும். உங்கள் கேமை யார் பெயரில் போடப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே தம்பியோடு உட்கார்ந்து பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பணம் வருவதற்கு முன் அது ஐந்து நிமிடப் பேச்சு.

நீங்கள் அனுப்பிய டெமோவை நேற்று ராத்திரி ஆடினேன். கேமின் சின்னப் படத்தில் பெயர் படிக்கவே முடியவில்லை, போன் திரையில் வைத்துப் பாருங்கள். வானமும் மரமும் பாதி இடத்தை எடுத்துக்கொள்கின்றன, அங்கே வால்வுச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் மனிதரைப் பெரிதாக வையுங்கள். ஐந்தாம் வீட்டுப் பாட்டி தமிழில் திட்டும்போது சப்டைட்டில் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அந்தக் குரலே போதும். ஆறாம் நிலையில் மூன்றாம் வீட்டு சம்ப் (தரைக்கடித் தொட்டி) நிரம்பி வழிந்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது பிழையா, வேண்டுமென்றே வைத்ததா என்று தெரியவில்லை. எங்கள் கீழ் வீட்டிலும் அப்படித்தான் ஓடும்.